கதவு திறக்கும் மரப்பேழைகள்: பிற்காலக் கோதிக் பீடச் சிற்பங்கள் ஓர் அறிமுகம்

ஜெர்மனியின் ரோதன்பர்க் நகரில் புனித யாக்கோபு ஆலயம் இருக்கிறது. அதன் மேற்குக் கோடியில் படியேறினால் ஒரு மாடம். அங்கே சுமார் 9 மீட்டர் உயரத்துக்கு ஒரு மர வேலைப்பாடு எழுந்து நிற்கிறது. நடுவில் பெட்டி போன்ற ஓர் அறை. அதற்குள் இயேசுவும் சீடர்களும் கடைசி இராவுணவுக்கு உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தக் காட்சியை யார் செய்தாலும் நடு இடம் இயேசுவுக்குத்தான். இங்கே நடுவில் நிற்பவன் யூதாஸ், கையில் பணப்பையோடு. இயேசு ஒரு பக்கமாக இருந்து அவனுக்கு அப்பத்துண்டை நீட்டுகிறார். அந்த யூதாஸ் சிலையை மட்டும் தனியாகக் கழற்றி எடுத்துவிடலாம். எடுத்தால், அதுவரை மறைந்திருந்த யோவான் தெரிவார்: இயேசுவின் மடியில் தலைசாய்த்துக் கிடக்கிறார்.

செதுக்கியவர் பெயர் டில்மன் ரீமென்ஷ்னைடர். வேலை முடிந்தது 1505 வாக்கில். அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் லியோனார்டோ டாவின்சி மிலான் நகரில் தன்னுடைய இராவுணவை வரைந்து முடித்திருந்தார். இத்தாலியில் மறுமலர்ச்சி முழு வீச்சில் இருந்த அதே காலத்தில் ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே வேறொரு கலை தன் உச்சத்தில் இருந்தது. அதற்குப் பின்னாளில் வைத்த பெயர்தான் ‘பிற்காலக் கோதிக்’. தோராயமாக 1400 முதல் 1530 வரை என்று வைத்துக்கொள்ளலாம். பெயரில் ‘பிற்கால’ என்று இருப்பதால் ஏதோ தேய்ந்துபோன மிச்சம் என்று நினைத்துவிடக் கூடாது. மரச்சிற்பத்தைப் பொறுத்தவரை ஐரோப்பாவில் இதற்கு நிகரான காலம் வேறில்லை என்பது என் கட்சி.

முதலில் பெயரைச் சரிசெய்துகொள்வோம். பலிபீடம் என்பது திருப்பலி நடக்கும் கல்மேசை. நாம் பேசப்போவது அந்த மேசைக்குப் பின்னால், அதன்மேல் ஏறி நிற்கும் சிற்பப் பெட்டியைப் பற்றி. இந்தக் கட்டுரையில் அதைப் ‘பீடப்பேழை’ என்று அழைக்கிறேன். அடியில் மேசையை ஒட்டி நீளவாக்கில் ஒரு தாழ்வான பகுதி, சிலைகள் நிற்கும் பேழை, அதன் இரு பக்கமும் கீல் வைத்த கதவுகள், பேழைக்கு மேலே கூரையைத் தொடுவதுபோல் எழும் மெல்லிய மரக்கோபுரங்கள். ஏறக்குறைய எல்லாப் பீடப்பேழைகளும் இந்த அமைப்புதான். கதவுகளை ஜெர்மானியர்கள் ‘இறக்கை’ என்பார்கள். திறந்து வைத்தால் உண்மையிலேயே இறக்கை விரித்த மாதிரிதான் இருக்கும்.

புதிதாகப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது அந்தக் கதவுகளைத்தான். இன்று புகைப்படங்களில் எல்லாப் பேழைகளும் திறந்தே இருப்பதால், அவை எப்போதும் அப்படித்தான் இருந்தன என்று நினைத்துவிடுகிறோம். அந்தக் காலத்தில் ஆண்டின் பெரும்பகுதி அவை மூடித்தான் இருந்தன. ஆஸ்திரியாவில் ஏரிக்கரையிலுள்ள சாங்க்ட் வொல்ஃப்காங் ஊரின் பேழையைப் பார்த்தால் இது விளங்கும். மிக்கேல் பாகர் 1471இல் ஒப்பந்தம் போட்டு 1481இல் முடித்த வேலை அது. அதற்கு இரண்டு ஜோடிக் கதவுகள். எல்லாம் மூடியிருந்தால் புனித வொல்ஃப்காங்கின் வாழ்க்கையிலிருந்து நான்கு ஓவியங்கள் தெரியும். முதல் ஜோடியைத் திறந்தால் இயேசுவின் வாழ்க்கை, எட்டு ஓவியங்களாக விரியும். இரண்டாவது ஜோடியையும் திறந்தால்தான் உள்ளே தங்கமாக ஜொலிக்கும் சிற்பங்கள்: மாதா மண்டியிட்டிருக்க, முடிசூட்டு விழா நடக்கிறது. சாதாரண நாளுக்கு ஒன்று, ஞாயிறு போன்ற நாளுக்கு ஒன்று, பெருவிழாவுக்கு ஒன்று என்று ஒரே பேழைக்கு மூன்று முகம். தவக்காலம் முழுக்கக் கதவு மூடியிருக்கும்; ஈஸ்டர் அன்று திறக்கும். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அந்தக் கதவுகள் விலகும் நேரத்தைக் கற்பனை செய்து பார்த்தால், இதைச் சிற்பம் என்று மட்டும் சொல்வது போதாது என்று தோன்றும். திரை விலகும் நாடக மேடைக்கு இது கிட்டத்தட்ட உறவு.

அதனால்தான் வெளிக்கதவுகளில் ஓவியமும் உள்ளே சிற்பமும் வந்தன. வெளியே தட்டை, உள்ளே முப்பரிமாணம். வெளியே பெரும்பாலும் அடங்கிய நிறம், உள்ளே பொன். உள்ளே போகப்போக எல்லாம் நிஜத்துக்கு நெருங்கி வரும்.

சரி, ஏன் மரம்? கல்லும் வெண்கலமும் இல்லாமல் இல்லை. ஆனால் தெற்கு ஜெர்மனியில் லிண்டன் மரம் தாராளமாகக் கிடைத்தது. இழை சீரானது, மென்மையானது. எந்தப் பக்கமாக உளியை ஓட்டினாலும் பிளக்காமல் வெட்டுப்படும். விரல் நுனி, சுருண்ட தாடி, காற்றில் பறக்கும் துணி நுனி எல்லாம் இதில் சாத்தியம். வடக்கே, நெதர்லாந்து பக்கமும் பால்டிக் கரையோரமும் ஓக் மரம்தான். அது முரடு, கனம். அதில் செய்த சிலைகள் சற்றுக் கட்டுக்கோப்பாக, இறுக்கமாக இருப்பதற்கு மரமும் ஒரு காரணம்.

லிண்டனிலும் ஒரு சிக்கல் உண்டு. வெட்டிய அடிமரம் காயும்போது வெளிப்பக்கம் அதிகமாகச் சுருங்கும், நடுப்பகுதி அவ்வளவு சுருங்காது. அப்போது நடுவிலிருந்து விளிம்புவரை வெடிப்பு ஓடும். முகத்தின் குறுக்கே அப்படி ஒரு வெடிப்பு ஓடினால் வேலை போச்சு. அதனால் மரத்தைப் பாதி உருளையாக எடுத்து, முதுகுப் பக்கமிருந்து வயிரப் பகுதியைக் குடைந்து வெளியேற்றிவிடுவார்கள். பெரும்பாலான சிலைகள் உண்மையில் முதுகு இல்லாத கூடுகள். பேழைக்குள் சுவரை ஒட்டி நிற்பதால் யார் கண்ணுக்கும் அது தெரியாது. செதுக்கும்போது மரத்தை நிற்கவைக்க மாட்டார்கள். பட்டறை மேசையில் படுக்கவைத்து, தலையிலும் காலிலும் முளை அடித்து இறுக்கி, வேண்டிய பக்கம் திருப்பித் திருப்பி வெட்டுவார்கள். பல சிலைகளின் உச்சந்தலையில் இன்றும் ஒரு துளையும், அதை அடைத்த மரக்கட்டையும் இருக்கும்.

செதுக்கி முடித்தால் பாதி வேலைதான். அடுத்து வண்ணம். மரத்தின் மேல் வஜ்ஜிரம் தடவி, வஜ்ஜிரத்தில் குழைத்த சுண்ணப்பொடியைப் பல பூச்சாகப் பூசி, தேய்த்து வழவழப்பாக்குவார்கள். தங்கம் வர வேண்டிய இடத்தில் சிவந்த களிமண் பூச்சு, அதன்மேல் தங்கரேக்கு, பிறகு வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகு. நீலத்துக்கு அசுரைட் என்ற கனிமம். முகத்துக்குத் தோல் நிறம், கன்னத்தில் மெல்லிய சிவப்பு. இதைச் செய்தவர் சிற்பி அல்ல, பல நகரங்களில் அவருக்கு அதற்கு அனுமதியே கிடையாது. வண்ணம் ஓவியர் சங்கத்தின் உரிமை, பெட்டி தச்சர்களின் உரிமை. ரோதன்பர்க்கில் ஏர்ஹார்ட் ஹார்ஷ்னர் என்ற தச்சருக்குப் பேழைக் கட்டுமானத்துக்கு 50 புளோரின் (அன்றைய தங்க நாணயம்), ரீமென்ஷ்னைடருக்குச் சிற்பங்களுக்கு 60 புளோரின். இன்று பேர் சொல்லும்போது ஒருவரைத்தான் சொல்கிறோம். நகர மன்றத்தின் கணக்கில் இருவருக்கும் பத்துப் புளோரின்தான் வித்தியாசம்.

நான் மேலே சொன்ன ரோதன்பர்க் பேழையில் பொன்னும் இல்லை, நீலமும் இல்லை. மரம் மரமாகவே தெரிகிறது. மேலே ஒரு பழுப்பு மெருகு, கண்மணிக்கும் உதட்டுக்கும் லேசான நிறம், அவ்வளவுதான். இப்படிப் பேழையை வண்ணமில்லாமல் விட்ட முன்னோடிகளில் ரீமென்ஷ்னைடர் ஒருவர். பணம் மிச்சமாகும் என்று விட்டார்களா, ரசனை மாறியதா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எனக்கு வெளிச்சம்தான் பெரிய காரணமாகப் படுகிறது. ரோதன்பர்க் பேழையின் பின்சுவரில் வட்டக் கண்ணாடிகள் பதித்த சின்னச் சன்னல்கள் வைத்திருக்கிறார்கள். வெளிச்சம் முன்னாலிருந்தும் வரும், சிலைகளின் முதுகுப் பக்கமிருந்தும் வரும். பொழுது நகர நகர நிழலும் நகரும். ஒரு முகம் இருண்டு இன்னொரு முகம் எழும். தங்கம் பூசியிருந்தால் இந்த நுணுக்கம் எல்லாம் பளபளப்பில் கரைந்துபோயிருக்கும்.

எல்லோரும் இதை ரசித்தார்கள் என்று சொல்ல முடியாது. ரீமென்ஷ்னைடர் இதே முறையில் 1490 முதல் 1492 வரை மியுனர்ஷ்டட் ஊர் ஆலயத்துக்கு ஒரு பேழை செய்து கொடுத்தார். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஊர்க்காரர்கள் அதற்கு வண்ணம் பூச ஆள் பிடித்தார்கள். பிடிபட்ட ஆள் யார் தெரியுமா? அந்தக் காலத்தின் இன்னொரு மாபெரும் சிற்பி, ஃபைட் ஷ்டோஸ்.

இவர் கதை தனி. நூரம்பர்க் குடியுரிமையை விட்டுவிட்டு 1477இல் போலந்தின் கிராக்கோவ் நகருக்குப் போனவர், 12 ஆண்டுகள் உழைத்து அங்குள்ள மரியாள் ஆலயத்துக்கு ஒரு பேழை செய்தார். உயரம் சுமார் 13 மீட்டர், திறந்தால் அகலம் 11 மீட்டர். நடுவில் மாதா உயிர் பிரியும் தருணம். முழங்கால் மடிந்து சரிகிறார், சுற்றிலும் திருத்தூதர்கள். சில சிலைகள் 2.7 மீட்டர் உயரம். செலவு 2,808 புளோரின். நகரத்தின் ஓராண்டு வரவுசெலவுக்கு ஈடு என்பார்கள். பிறகு நூரம்பர்க் திரும்பினார். வணிகத்தில் போட்ட பணம் மோசடியில் போனது. அதை மீட்க முத்திரையும் கையெழுத்தும் போலியாகப் போட்ட பத்திரம் ஒன்றைத் தயாரித்து மாட்டிக்கொண்டார். 1503இல் இரண்டு கன்னத்திலும் சூடு போட்டார்கள். ஊரை விட்டுத் தப்பி மியுனர்ஷ்டட்டில் இருந்த மருமகன் வீட்டுக்கு வந்தார். அங்கே கிடைத்த வேலைதான் ரீமென்ஷ்னைடரின் மொட்டை மரத்துக்கு வண்ணம் பூசுவது. ஒருவர் வேண்டாம் என்று விட்டதை இன்னொருவர் கூலிக்குப் பூசினார். அந்த வேலையைச் செய்யும்போது ஷ்டோஸ் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

இனி முக்கியமான கேள்வி. இந்தச் சிற்பிகள் எதைப் பார்த்துக் கற்றார்கள்?

தொடக்கம் நெதர்லாந்து ஓவியங்கள். அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. ரோஜியர் வான் டெர் வெய்டன் 1435 வாக்கில் வரைந்த, சிலுவையிலிருந்து இயேசுவை இறக்கும் ஓவியம் இப்போது மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் வானமும் இல்லை, மலையும் இல்லை. ஆழமில்லாத ஒரு தங்கப் பெட்டிக்குள் பத்துப் பேர் நெருக்கியடித்து நிற்கிறார்கள். மூலைகளில் மரச்செதுக்கு வேலை போலவே வரைந்திருக்கிறார். அதாவது ஓவியர் வரைந்தது ஒரு பீடப்பேழையை! வண்ணம் பூசிய சிற்பம் போல ஓவியம் வரைந்து, ஆனால் சிற்பத்தால் முடியாத கண்ணீரையும் வெளிறிய தோலையும் அதில் சேர்த்துவிட்டார். அதன் பிறகு சிற்பிகள் அந்த ஓவியத்தைப் பார்த்துத் தங்கள் மரத்தில் அந்த அழுகையைக் கொண்டுவர முயன்றார்கள். யார் யாரைப் பின்பற்றினார்கள் என்று கேட்டால் பதில் வட்டமடிக்கும். இந்த ஓவியத்தைக் கேட்டு வாங்கியது லூவன் நகரத்துக் குறுக்குவில் வீரர்களின் சங்கம். அதே சங்கம், அதே சிற்றாலயத்துக்கு 1493இல் ஜான் போர்மன் என்ற பிரசல்ஸ் சிற்பியிடம் புனித ஜார்ஜின் சித்திரவதைக் காட்சிகளை ஓக் மரத்தில் செய்து வாங்கியது. பெட்டிபோல் வரைந்த ஓவியமும் நிஜப் பெட்டியும் ஒரே கூரையின் கீழ் இருந்தன.

அடுத்து நிக்கொலஸ் கெர்ஹார்ட். நெதர்லாந்தின் லெய்டனிலிருந்து வந்தவர், டிரியர், ஷ்ட்ராஸ்பர்க் நகரங்களில் வேலை செய்து, கடைசியில் பேரரசரின் அழைப்பில் ஆஸ்திரியா போய் 1473இல் இறந்தார். அவருக்கு முன்பு சிலையின் துணி உடம்போடு ஒட்டிக் கிடக்கும். கெர்ஹார்ட் துணியை உடம்பிலிருந்து விலக்கினார். மடிப்புக்கும் உடலுக்கும் நடுவே வெற்றிடம், அதில் நிழல். துணி தனக்கென்று ஒரு உயிரோடு சுருள்கிறது, மடங்கி உடைகிறது. ஷ்டோஸின் கிராக்கோவ் திருத்தூதர்களின் மேலாடைகள் புயலில் மாட்டியவை போல் இருப்பதற்கு வேர் இங்கேதான். கொசுவத்தைப் பார்த்தே எந்தப் பட்டறை என்று சொல்லிவிடும் நிபுணர்கள் உண்டு. தொடங்குகிறவர்களுக்கு என் யோசனையும் அதுதான்: முகத்தைவிட்டுவிட்டு முதலில் துணியைப் பாருங்கள்.

ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய தூண்டுதல் ஒரு தாள். கோல்மார் நகரத்து மார்ட்டின் ஷோங்காவர் பொற்கொல்லர் வீட்டுப் பிள்ளை. செப்புத் தகட்டில் கூரிய சிற்றுளியால் கோடு வெட்டி, மை தடவி, தாளில் அச்செடுத்தார். நூற்றுச் சொச்சம் படங்கள்தான். தாள் இலேசானது, மலிவானது, மடித்துப் பையில் வைத்துக்கொள்ளலாம். அவர் 1491இல் இறப்பதற்குள் அந்தப் படங்கள் ஐரோப்பா முழுக்கப் பட்டறைச் சுவர்களில் ஏறிவிட்டன. மியுனர்ஷ்டட் பேழைக்கு ரீமென்ஷ்னைடர் செதுக்கிய ஒரு புடைப்புச் சிற்பம், உயிர்த்தெழுந்த இயேசு மகதலா மரியாளுக்குத் தோன்றும் காட்சி, ஷோங்காவரின் தாளை அடியொற்றியது. இதை ‘காப்பி’ என்று இன்றைய அர்த்தத்தில் சொல்ல முடியாது. நல்ல அமைப்பு ஒன்று இருக்கும்போது அதை எடுத்தாள்வதுதான் அன்றைய நேர்மை. தவிர, தாளில் இருப்பது ஒரு பக்கம் மட்டும். அந்தத் தோள் எவ்வளவு முன்னே வரும், அந்தக் கை பின்னால் எங்கே போகும் என்பதைச் சிற்பிதான் கண்டுபிடிக்க வேண்டும். ஆல்ப்ஸுக்கு வடக்கே செய்த சிலைகளின் துணி மடிப்பு முறித்த காகிதம்போல் கூர்கூராக இருப்பதற்கும் செப்புத் தகட்டில் சிற்றுளி வெட்டிய கோடுகளுக்கும் சம்பந்தம் உண்டு என்றே நினைக்கிறேன்.

ஷோங்காவருக்குப் பிறகு அந்த இடத்தை ஆல்பிரெக்ட் டியூரர் பிடித்தார். இயேசுவின் பாடுகளை அவர் மரக்கட்டை அச்சில் சிறு படங்களாக 1511இல் வெளியிட்டார். உள்ளங்கை அளவு படங்கள். அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு ஹான்ஸ் புருக்மன் வடக்கு ஜெர்மனியின் போர்டஸ்ஹோம் மடத்துக்கு 12 மீட்டருக்கு மேல் உயரமான பேழையைச் செதுக்கினார். ஏறத்தாழ 400 உருவங்கள், 1521இல் முடிந்தது. இப்போது அது ஷ்லெஸ்விக் பேராலயத்தில் இருக்கிறது. ஓக் மரம், வண்ணம் கிடையாது. ஒவ்வொரு காட்சியிலும் கூட்டம் பிதுங்கி வழிகிறது.

இத்தாலியின் காற்றும் கொஞ்சம் வீசியது. பாகர் இருந்தது தெற்கு டிரோலில், மலைப்பாதைக்கு அந்தப் பக்கம் பதுவா நகரம். அங்கே மாந்தேன்யாவின் ஓவியங்களில் தரையும் தூணும் கண்ணை உள்ளே இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்திருக்க வேண்டும். சாங்க்ட் வொல்ஃப்காங் கதவு ஓவியங்களில் அதே ஆழம் வருகிறது. உள்ளே இருக்கும் சிற்பமோ முழுக்கக் கோதிக். கொடிக்கருக்கும் கோபுரமும் பின்னிக் கிடக்கின்றன. ஒரே பேழையில் கதவு ஒரு நாட்டையும் பெட்டி இன்னொரு நாட்டையும் பேசுகின்றன.

இதுவரை சொன்னதெல்லாம் ஓர் ஊர் ஒரு சிற்பியிடம் சொல்லிச் செய்வது. அதே நேரத்தில் ஆன்ட்வெர்ப்பில் இது ஏற்றுமதித் தொழிலாகிவிட்டது. யார் வாங்குவார் என்று தெரியாமலே செய்து, பேராலயத்தை ஒட்டிய சந்தையில் விற்றார்கள். சின்னச் சின்ன உருவங்களைத் தனித்தனியே செதுக்கி, பிறகு பெட்டிக்குள் அடுக்கிக் கட்டுவார்கள். தரம் சரி என்றால் சங்கத்தின் ஆட்கள் சூடேற்றிய இரும்பால் முத்திரை குத்துவார்கள்: ஆன்ட்வெர்ப்புக்குக் கை, பிரசல்ஸ் என்றால் கொட்டாப்புளி. சுவீடன், நார்வே, ஜெர்மனி, ஸ்பெயின் எல்லா இடத்துக்கும் கப்பலிலும் வண்டியிலும் போயின. டார்ட்மண்ட் நகரத்துப் பிரான்சிஸ்கன் துறவிகள் 1521இல் ஆன்ட்வெர்ப்பிலிருந்து தருவித்த ஒன்றில் பொன் பூசிய உருவங்கள் மட்டும் 600க்கு மேல். நுணுக்கம் அபாரம்தான், ஆனாலும் சந்தைக்குச் செய்த பேழைகளை வரிசையாகப் பார்த்தால் ஒரு சலிப்பு வரும். ஒரே குதிரை, ஒரே படைவீரன், ஒரே சுருட்டை முடி.

பிறகு எல்லாம் வேகமாக முடிந்தது. திருச்சபைச் சீர்திருத்தம் கேட்டு மார்ட்டின் லூதர் 1517இல் தொடங்கிய சர்ச்சை பத்துப் பதினைந்து ஆண்டுகளில் சிலைகளின் மேல் திரும்பியது. சூரிக், பாசல் நகரங்களில் ஆலயங்களிலிருந்து சிலைகளை அகற்றினார்கள், உல்ம் பேராலயத்தின் பெரிய பேழை 1531இல் அழிந்தது. லூதரைப் பின்பற்றிய ஊர்கள் அவ்வளவு கடுமை காட்டவில்லை. ரோதன்பர்க் 1544இல் சீர்திருத்தத்துக்கு மாறியும் தன் பேழையை வைத்துக்கொண்டது. ஆனால் புதிதாகச் செய்யச் சொல்ல ஆளில்லை. ரீமென்ஷ்னைடர் வூர்ஸ்பர்க்கின் நகரத் தலைவராகவே இருந்தவர். 1525இல் விவசாயிகள் கிளர்ச்சியின்போது நகர மன்றம் ஆயரை (பிஷப்பை) எதிர்த்ததால் சிறையில் சித்திரவதைப்பட்டார், 1531இல் இறந்தார். கையை ஒடித்துவிட்டார்கள் என்று ஒரு கதை உலவும். அதற்கு ஆதாரம் இல்லை.

ஷ்டோஸ் இன்னும் இரண்டு ஆண்டு அதிகம் வாழ்ந்தார். கன்னத்துத் தழும்போடு நூரம்பர்க் திரும்பி, தன் மகன் தலைவராக இருந்த கார்மேல் மடத்துக்கு 1520இல் ஒரு பேழையைத் தொடங்கி 1523இல் முடித்தார். நடுவில் குழந்தை இயேசுவின் பிறப்பு. 1525இல் நகரம் லூதர் பக்கம் சாய்ந்ததும் மடம் கலைந்தது, பேசிய தொகை முழுதாக வரவில்லை. 1533இல் அவர் இறந்தபோதும் பாக்கி பாக்கியாகவே இருந்தது. பேழை பின்னர் பாம்பெர்க் பேராலயத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மியுனர்ஷ்டட்டில் அடுத்தவர் மரத்துக்கு வண்ணம் பூசியவரின் கடைசிப் பெரிய பேழை, வண்ணம் பூசாத வெறும் லிண்டன் மரமாக அங்கே நிற்கிறது.